பச்சோந்தியும் என் கையும்

கட்சி மாறுவோரைப் பச்சோந்தி என்று ஏசுவது நம் மேடை வழக்கம். இங்கு இந்தி பேசும் நண்பர்களும் அத்தகையோரைக் 'கிர்கிட்' என்றே பழிக்கின்றனர். இரு மொழியினரும் ஒன்றுபட்டு ஓர் உயிருக்குச் செய்யும் அநீதி இது. பச்சோந்தி உட்கார்ந்த இடத்தின் நிறத்தையெல்லாம் பூசிக்கொள்ளும் வேடதாரி அன்று. அச்சம், சினம், வெப்பம், குளிர் ஆகியவற்றுக்கேற்பவே அதன் நிறம் பெரிதும் மாறுகிறது. அஃது அதன் பேச்சு. அப்பேச்சைப் படிக்க அறியாமல் நான் ஒரு பச்சோந்தியைத் துன்புறுத்திய கதையை இங்குக் கூறுகிறேன்.

எங்கள் துறையில் ஆராய்ச்சி செய்யும் மதுரைக்கார அண்ணன் ஒருவர், உரிய பதிவு செய்து, யெமன் நாட்டு இனப் பச்சோந்தி ஒன்றை வளர்க்கிறார். தலையில் மகுடம் போன்ற முகடு உடையது அது. (நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேலியோரம் கண்டால் பார்த்து மகிழ்ந்துவிட்டு அப்பால் செல்லுங்கள்.) சென்ற கோடை விடுமுறையில் அவர் ஊருக்குப் புறப்பட்டபோது, "தம்பி, இலையில் தண்ணீர் தெளி, பூச்சி போடு, கையில் மட்டும் எடுக்காதே" என்று சொல்லி அதனை என்னிடம் விட்டுச் சென்றார். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாவதை மூன்றாம் நாளே மீறினேன்.

கூண்டின் மேற்கதவைத் திறந்து, முதுகைப் பற்றித் தூக்கினேன். அது கிளையை விடவில்லை, நானும் விடவில்லை. பசிய உடல் நொடிப்பொழுதில் கருத்தது. பக்கவாட்டில் தட்டையாகி, வாயை அகலத் திறந்து சீறி, என் விரலைக் கடித்தும் விட்டது. காயம் சிறிது. ஆனால் அடுத்த நான்கு நாட்கள் ஒரு சுவர்க்கோழியைக்கூட அது ஏறிட்டுப் பார்க்கவில்லை. பகலில் கண்ணை மூடிக் கிடந்தால் நோய்க்குறி என்பார்கள். அந்த நான்கு நாட்களும் அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். விலங்கியல் முதுகலை மாணவன் என்ற பெருமை எனக்கு அப்போது எள்ளளவும் இல்லை. தொலைபேசியில் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "மேலிருந்து வருவது அதற்குப் பருந்து" என்று மட்டும் சொன்னார்.

எண்ணிப் பார்த்தால் எல்லாம் விளங்கும். மரக்கிளையில் மெல்ல ஊர்ந்து வாழும் உயிர் அது. ஓடித் தப்ப இயலாது. ஆகவே கண்ணையே நம்பியிருக்கிறது. ஒரு கண் முன்னும் ஒரு கண் பின்னுமாகத் தனித்தனியே சுழன்று, ஏறத்தாழச் சுற்றுப்புறம் முழுவதையும் காணும். விரல்கள் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து இடுக்கி போல் கிளையைக் கவ்வும். பிடித்து இழுத்தால் நகமும் விரலும் சிதையக்கூடும். நிறத்தின் கதை இன்னும் வியப்பானது. தோலின் சில அணுக்களுள் மிக நுண்ணிய குவானின் படிகங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் இடைவெளி மாறும்போது அவை திருப்பியனுப்பும் ஒளியின் நிறமும் மாறுகிறது. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கர் இனம் ஒன்றில் இதனைக் கண்டறிந்தனர். கருப்போ வேறு அணுக்களில் உள்ள மெலனின் பரவுவதால் வருவது. என் பிடியில் நான் கண்டது அதுதான்.

ஐந்தாம் நாள் அது ஒரு பூச்சியைத் தின்றது. அன்றே புதிதாகத் தொடங்கினேன். நாள்தோறும் அரைமணி நேரம் கூண்டின் எதிரே பாடநூலுடன் அமர்ந்தேன். அதனைத் தொடவே இல்லை. (புள்ளியியல் தேர்வில் நான் தேறியதற்கு இப்பச்சோந்தியும் ஒரு காரணம்.) பின்னர்ச் சுவர்க்கோழியை நீண்ட இடுக்கியில் நீட்டினேன், சில நாள் கழித்து உள்ளங்கையில் வைத்தேன். உடலைவிட நீண்ட நாக்கு சடக்கென்று வந்து கையில் ஒட்டி மீண்டது முதன்முறை, நான்தான் திடுக்கிட்டேன்! அதன்பின் கிளையின் நுனியில், அதன் மார்புக்குக் கீழாக, கையைச் சும்மா வைத்துக் காத்திருந்தேன். கருத்தால் எடுத்துவிடுவேன். விடுதி நண்பர்கள் தோளில் ஏற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று கெஞ்சினர். முடியாது என்றேன், சிலருக்கு என்மேல் இன்னும் மனத்தாங்கல் உண்டு.

இருபத்து மூன்றாம் நாள் முன்கால் ஒன்று என் விரலைப் பற்றியது. சற்று ஆடியது, பிறகு மற்றொன்று. மூன்று நிமிடம் இருந்திருக்கும். விலாவில் கரும்புள்ளிகள் தோன்றவே, கையைக் கிளையோடு சேர்த்தேன். தானே இறங்கிச் சென்றது. நான் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்; ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

இதனை அன்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தன் இனத்தோடும் கூடி வாழாத தனியன் அது. என் கை பருந்தன்று என்று கற்றுக்கொண்டது, அவ்வளவே சொல்லலாம்.

விடுமுறை முடிந்து அண்ணன் திரும்பினார். கூண்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எத்தனை முறை எடுத்தாய்?" என்று கேட்டார்.

"ஒரு முறை எடுத்தேன், அண்ணா. ஆறு முறை அதுவாக வந்தது" என்றேன்.