தீர்த்தன் ஆற்றில் ட்ரவுட்: டிசம்பரில் போகலாமா?

கேள்வி: ஹிமாச்சலின் தீர்த்தன் ஆற்றுக்கு நானும் அப்பாவும் நான்கு நாள் ட்ரவுட் பிடிக்கப் போகலாம் என்றிருக்கிறோம். ஆற்றங்கரையிலேயே தங்குமிடம், கூடவே வழிகாட்டியும் உண்டாம். அப்பா குளத்தில் மண்புழு கோத்துக் கெளுத்தி, விரால் பிடித்தவர். எனக்கு அந்த அனுபவமும் இல்லை. டிசம்பர் விடுமுறை சரிப்படுமா? வழிகாட்டி அவசியமா? பிடித்த மீனைச் சமைத்துத் தருவார்களா?
வாசகர், ஈரோடு

பதில்: டிசம்பரை மறந்துவிடுங்கள். நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி முடிய ஹிமாச்சலில் ட்ரவுட் பிடிக்கத் தடை. அங்குள்ள பழுப்பு ட்ரவுட் முட்டையிடும் காலம் அது. ஜூலை, ஆகஸ்டில் மழை. ஆறு கலங்கி ஓடும், மலைச்சாலையில் மண் சரியும். மார்ச், ஏப்ரல் நல்லது. என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான். மழை ஓய்ந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருக்கும்.

வழிகாட்டி? உங்கள் இருவருக்கும் கட்டாயம் வேண்டும். குளத்தில் அப்பா செய்தது தக்கையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது. இங்கே நரம்பு நுனியில் இருப்பது இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்கு எடையே கிடையாது. எறிந்தால் காலடியில்தான் விழும். அதனால் எடையைக் கயிற்றில் வைத்திருக்கிறார்கள். தடித்த அந்தக் கயிற்றை முன்னும் பின்னும் வீசினால், அது பூச்சியை இழுத்துப்போய் நீரில் இறக்கும். பின்வீச்சில் கயிறு முழுதாக நீளும்வரை பொறுக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் அந்த ஒரு நொடியில்தான் அவசரப்படுவார்கள். நானும் என் முதல் நாளில் பாதியைப் பின்னாலிருந்த புதரோடு போராடியே கழித்தேன்.

அடுத்த பாடம் நிற்கும் இடம். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து, பாறை மறைவில் நின்றபடி, அடித்து வரும் இரைக்குக் காத்திருக்கும். நீங்கள் கீழிருந்து மேலாக, அதன் பின்பக்கமாக நெருங்க வேண்டும். நிழல் விழுந்தால் போச்சு. எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும், எந்தக் கல்லில் கால் வழுக்கும் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டை அவரே வாங்கித் தருவார். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குள் போவதானால் தனி அனுமதி வேண்டும்.

விளம்பரங்களில் வரும் ‘காட்டு ட்ரவுட்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். இந்த மீன் இமயத்துக்குச் சொந்தமானதல்ல. ஆங்கிலேயர் 1900-ல் பிரிட்டனிலிருந்து காஷ்மீருக்கு முட்டைகளைக் கொண்டுவந்து பொரிக்கவைத்தார்கள். அதன்பின் குல்லுப் பக்கமும் வந்தது. நம் நீலகிரி ஓடைகளில் உள்ள வானவில் ட்ரவுட்டும் இப்படி வந்து குடியேறியதே. ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தது என்ற பொருளில் தீர்த்தன் ட்ரவுட் காட்டு மீன்தான். ஆனால் பொரிப்பகக் குஞ்சுகளையும் ஆற்றில் விடுகிறார்கள்.

சமையல் பற்றி: பிடித்ததை விட்டுவிடுங்கள். எதிர்க்கொக்கி இல்லாத முள்ளாகக் கேளுங்கள்; கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேல்வழவழப்பை உரித்துவிடும். ட்ரவுட் சாப்பிடாமல் திரும்ப வேண்டியதில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் தட்டுக்கு வருவது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த வானவில் ட்ரவுட்தான். அதுவே ருசியாக இருக்கும்.

தங்குவதற்கு குஷைனி, நாகினி இரண்டுமே வசதி. சண்டிகரிலிருந்து மணாலிப் பேருந்தில் ஏறி அவுட்டில் இறங்கினால், அங்கிருந்து பஞ்சார் வழியாக டாக்ஸி. பகலில் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போட்ட கையோடு ஒரு வேலை செய்யுங்கள். யாரிடமாவது இந்த வகைத் தூண்டில் கோலைக் கயிற்றோடு இரவல் வாங்கி, முள்ளுக்குப் பதில் சிறு கம்பளித் துணுக்கைக் கட்டி, திறந்த மைதானத்தில் தினமும் அரை மணி நேரம் வீசிப் பழகுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.