வீணையும் விமானமும்

ராமநாதபுரம் கரையோரத்தில் பறவைகளைப் பார்த்து, எண்ணி, எழுதிவைப்பவன் நான். ஆரம்பத்தில் இது வெறும் பொழுதுபோக்குதான். பிறகு என்னை விடாமல் பிடித்துக்கொண்ட வேட்கையாகிவிட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அனுபவத்தில் மூன்று விதமாகக் கண்டுகொண்டேன்.

நேரம்: பொழுதுபோக்கு நம் வசதிக்கு வரும், வேட்கை கூப்பிடும் நேரத்துக்கு நாம் போக வேண்டும். தனுஷ்கோடி சாலையில், கோதண்டராமர் கோயில் அருகே பூநாரைகளை ரசிக்க ஒரு மாலை போதும். அங்கேயே சின்னஞ்சிறு கரைப்பறவைகளை இனம் காண வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். மணல் சூடாகிவிட்டால் தொலைநோக்கியில் காட்சி நெளியும். பறவையின் கால் நிறம்கூடப் பிடிபடாது.

அலுப்பு: பூநாரை எவரையும் மயக்கும். கொசு உள்ளானைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிற, உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை அது. தையல் எந்திர ஊசிபோல அலகால் சேற்றைக் குத்திக்கொண்டே ஓடும். கூடவே மேயும் இன்னொரு உள்ளானின் அலகு நீளம், நுனியில் வளைவு. இதனுடையது குட்டை, நேர். கலந்து மேயும் கூட்டத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவது அலுப்பான வேலை. யாரும் சொல்லாமலே அதைச் செய்கிறோமா என்பதுதான் உரைகல்.

பயன்: பொழுதுபோக்கு நமக்கு நிறைவு தந்தால் போதும். வேட்கை பிறருக்கும் பயன்பட்டாக வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தன்னார்வலர்கள் துணையோடு நடக்கிறது. 2025இல் தமிழக அரசு தனுஷ்கோடியில் பெரும் பூநாரை சரணாலயத்தை அறிவித்தது. எந்தப் பறவை, எங்கே, எத்தனை என்ற பதிவுகள் இல்லாமல் ஓர் இடத்தின் அருமையை எடுத்துச்சொல்ல முடியாது.

இந்த மண்ணின் மைந்தர் அப்துல் கலாமிடம் பொழுதுபோக்கு, வேட்கை இரண்டுமே இருந்தன. வீணை அவருக்கு மன இளைப்பாறல். பறப்பது வேறு. ராமேஸ்வரம் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவை பறக்கும் விதத்தைக் காட்டியபோது பற்றிய கனல் அது. விமானப்படைத் தேர்வில் 8 பேரை எடுத்தார்கள், கலாம் 9ஆவது. விமானியாக முடியாதவர் விமானவியலை விடவில்லை. 1979 ஆகஸ்டில் அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18இல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் சேர்த்தது. 2006இல், 74 வயதில், சுகோய் போர் விமானத்தில் பறந்தார். வீணையிடம் அவர் இப்படி எதையும் சாதிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

ஆகவே, விரும்புவதையெல்லாம் வேட்கையாக்கிக்கொள்ளாதீர்கள். இளைப்பாறல் தருவது அப்படியே இருக்கட்டும். ஒரு கதவு அடைபட்டால் மறு கதவைத் தேடவைக்கும் விஷயம் எதுவென்று பாருங்கள். அதற்கு வாரத்தில் ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். செய்ததைத் தேதி போட்டு எழுதுங்கள். தெரிந்தவர்களிடம் கேளுங்கள், காற்று மாறினால் பறவை எந்தக் கரையில் ஒதுங்கும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர்கள் வலை உலர்த்தும் பெரியவர்கள்தான். இதற்காக வேலையை விட வேண்டியதில்லை. பிடித்ததை விடாமலிருந்தால் போதும்.