வள்ளியின் காலும் வானத்துக் கணக்கும்

பாளையங்கோட்டை,
12-8-1967

சௌபாக்கியவதி மீனாட்சிக்குச் சித்தப்பா அநேக ஆசீர்வாதம்.  

உன் கடிதம் கிடைத்தது முதல் என் சித்தம் ஒரு நிலையில் இல்லை. வள்ளிக்குக் காய்ச்சல் விட்டு ஆறு வாரம் ஆகியும் இடது கால் துவண்டே கிடக்கிறதென்று எழுதியவள், ஜோசியர் சொன்ன சனிப் பரிகாரத்தை ஒரு மண்டலம் செய்து முடித்த பிறகே மற்ற வைத்தியம் பார்ப்பதென்று வீட்டில் முடிவாகியிருப்பதாகவும் அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறாய். அதையாவது பெரியவர்கள் சொன்னார்கள், நீ தலையசைத்தாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நீ செய்த பாவந்தான் குழந்தையின் காலில் விடிந்துவிட்டதென்று கடிதத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறாயே, அது எவரும் உனக்குச் சொல்லித் தந்து எழுதியதாகத் தோன்றவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். உன்னைக் கண்டிப்பதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே.

முதலில் வியாதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இளம்பிள்ளை வாதம் ஒரு கிருமியால் வருவது. 1908-இல் வியன்னா நகரத்தில் லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும் அதை நிரூபித்து அறுபது வருஷம் ஆகப்போகிறது. அசுத்தப்பட்ட தண்ணீரோடும் தின்பண்டத்தோடும் வாய்வழியே போய்க் குடலில் பெருகும் அந்தக் கிருமி, பெரும்பாலான குழந்தைகளை ஒரு சிறு காய்ச்சலோடும், அதுவுங்கூட இல்லாமலும் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. எங்கோ ஒரு குழந்தையிடத்தில் மட்டும் முதுகுத்தண்டை எட்டி, தசைகளை ஏவுகின்ற நரம்பணுக்களை அழித்துவிடுகிறது. ஏவுவதற்கு ஆளில்லாமல் தசை துவள்கிறது. உணர்ச்சி போவதில்லை, கிள்ளினால் வள்ளி அழுவாள், பார். உன் தெருவில் அதே தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் எத்தனையோ பேருடைய குடலில் அது புகுந்து வெளியேறியிருக்கும். அவர்களைப் பெற்றவர்களெல்லாம் புண்ணியவதிகள், நீ ஒருத்தி மட்டும் பாவியா, அம்மா?

அழிந்துபோன அணு திரும்ப வராது. ஆனால் அழியாமல் அயர்ந்து கிடப்பவை எழுந்திருக்கும். மிஞ்சிய தசையைப் பழக்கி அதனிடம் வேலை வாங்கவும் முடியும். அந்த மீட்சியில் பெரும்பகுதி முதல் சில மாதங்களுக்குள் நடந்துவிடுகிறது. அதற்குள் காலை நேராக வைத்துக் கட்டி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மூட்டுகளைத் தினந்தோறும் மெல்ல நீட்டி மடக்கி வராவிட்டால், பலமுள்ள தசை பலமற்றதைத் தன் பக்கம் இழுத்து, முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போகும். பிறகு கத்தி வைக்காமல் தீராது. நாற்பத்தெட்டு நாள் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து எண்ணுகிறவர்கள், ஏற்கெனவே போய்விட்ட ஆறு வாரத்தையும் அதோடு கூட்டிப் பார்க்கவேண்டும்.

இனி, பாவ புண்ணிய விசாரத்துக்கு வருகிறேன். நீ சிறுமியாயிருந்தபோது, நம் திண்ணைத் தூணில் குளவி கட்டியிருந்த மண்கூட்டை நான் ஈர்க்குச்சியால் உடைத்துக் காட்டியது உனக்கு நினைவிருக்கும். குளவியானது பச்சைப்புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப்போலவே குளவியாக்கிவிடுகிறதென்று முதல் நாள் இரவு காலட்சேபத்தில் கேட்டுவிட்டு வந்து நீதான் என்னிடம் சொன்னாய். குருவின் கருணைக்கு அதை உவமானமாகச் சொல்வது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். கூட்டுக்குள் நாம் பிரத்தியட்சமாகக் கண்டது வேறு. நெல்லிக்காய் அளவுள்ள அறைக்குள் நாலைந்து பச்சைப்புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்கப்பட்டுக் கிடந்தன. ஈர்க்கு நுனியால் தொட்டபோது ஒன்று வாயை மட்டும் அசைத்தது. அதற்கு உயிர் இருந்தது, நகரும் சக்தி இல்லை. கூரையிலிருந்து ஒரு நூலிழையில் சின்னஞ்சிறு முட்டை தொங்கிற்று. அடுத்த அறையில் முட்டை பொரித்தாகிவிட்டது. வெளுத்த குஞ்சுப்புழுவொன்று பச்சைப்புழுவின் விலாவில் தலையைப் புதைத்து, அதை உயிரோடு தின்றுகொண்டிருந்தது. அன்று ராத்திரி நீ சாப்பிட மறுத்துவிட்டாய், மதினி என்னைக் கோபித்துக்கொண்டார்கள். பிரான்ஸ் தேசத்து ஃபாபர் இத்தகைய கூடுகளைத் திறந்து பார்த்து விரிவாக எழுதியிருக்கிறார். இப்படிப் புழுவை உயிரோடு தின்று வளரும் குளவி வகைகளை நினைத்துத்தான், கருணையும் சர்வ வல்லமையும் உள்ள ஒரு கடவுள் இவற்றை வேண்டுமென்றே படைத்தாரென்று தம்மால் நம்பமுடியவில்லை என்று டார்வின் 1860-இல் தம் சிநேகிதர் ஒருவருக்கு எழுதினார்.

நான் சொல்ல வந்தது கடவுள் இல்லையென்பதன்று. அந்தத் தாய்க்குளவி துஷ்டையும் அல்ல, அந்தப் புழு பூர்வ ஜன்மத்தில் கொலை செய்ததும் அல்ல என்பதுதான். இயற்கைக்குக் காரண காரியம் உண்டு. நியாய அநியாயம் கிடையாது. மழை யோக்கியனுடைய வயலைத் தேடிப் பெய்வதில்லை. கிருமி பாவியின் வீட்டு இலக்கத்தை விசாரித்துக்கொண்டு வருவதில்லை. நியாயம் என்று இந்த உலகத்தில் ஏதாவது இருக்குமானால் அது மனுஷர் மனுஷருக்குச் செய்கிற நியாயந்தான் என்பது என் வயசுக்கு நான் கண்டிருக்கிற முடிவு.

மகான்களுங்கூட இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். 1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி பீகாரிலும் நேபாளத்திலும் பூமி அதிர்ந்து, மங்கீரும் முசாபர்பூரும் மண்மேடாகி, பதினாயிரம் பேருக்குமேல் மாண்டார்கள். சில நாள் கழித்துக் காந்தியடிகள் ஹரிஜன யாத்திரையாக நம் ஜில்லாவுக்கு வந்தார். திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்னும் நம் பாவத்துக்காக ஈசுவரன் அனுப்பிய தண்டனை இது என்று அவர் சொன்னதைக் கூட்டத்தில் ஒருவனாக நின்று நான் கேட்டேன். தீண்டாமை பாவம் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அடிகளிடம் எனக்குள்ள பக்தியும் நீ அறிந்ததே. ஆனாலும் இடிபாட்டுக்குள் நசுங்கிய பச்சைக் குழந்தைகள் எவரைத் தீண்டாமல் ஒதுக்கினார்கள் என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. ரவீந்திரநாத தாகூர் அதை எதிர்த்து எழுதினார். பூகம்பத்துக்குப் பௌதிகக் காரணம் உண்டென்று சொன்னதோடு நில்லாமல், இப்படிப்பட்ட வாதம் காந்திக்கு உதவுவதைவிட அவருடைய விரோதிகளுக்கே நன்றாக உதவும், தீண்டாமையைப் போக்கக் கிளம்பிய காந்தியின் பாவத்தால்தான் பூமி அதிர்ந்ததென்று அவர்கள் சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை என்ற கருத்தையும் அவர் வைத்தார். அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே அடிகள் வெளியிட்டது அவருடைய பெருந்தன்மை. தாகூர் தொட்டுக் காட்டிய இடம் எவ்வளவு நுட்பமானது, பார்த்தாயா? ஆகாயத்திலிருந்து தீர்ப்பு வருகிறதென்று ஒப்புக்கொண்டுவிட்டால், அதைப் படித்துச் சொல்லும் அதிகாரம் எப்போதும் பலமுள்ளவன் கைக்கே போகும்; குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் எப்போதும் வாயில்லாதவராகவே இருப்பார்.

அதிலும் பெண்ணாகவே இருப்பார். பெரிய அத்தையைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று உங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வீர்கள். சொல்லட்டும். அத்தான் வாந்திபேதியில் போனாரே, அந்தக் கோடையில் ஆறு வற்றி, மேலத்தெரு முழுவதும் ஊருணித் தண்ணீரையே குடித்தது. வியாதிக்காரர்களுடைய துணியையும் அதே ஊருணியில்தான் அலசினார்கள். வாந்திபேதிக் கிருமியைக் கல்கத்தாவில், ஜனங்கள் குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் உபயோகித்த ஒரு குளத்து நீரிலேயே 1884-இல் காக் என்ற ஜெர்மானிய வைத்தியர் கண்டு சொல்லிவிட்டார். அதற்கும் முப்பது வருஷம் முந்தியே, கிருமி இன்னதென்று தெரியாத காலத்தில், லண்டனில் ஸ்நோ என்பவர் எந்தத் தெருக்குழாயைச் சுற்றிச் சாவு விழுகிறதென்று வீடுவீடாக விசாரித்து, அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். நம் ஊரில் என்ன செய்தார்கள்? அக்காவின் ஜாதகத்தைப் பிரித்துப் பார்த்துச் செவ்வாய் எட்டில் இருக்கிறதென்று கண்டுபிடித்தார்கள். ஊருணி அப்படியே கிடந்தது. அடுத்த கோடையிலும் சாவு விழுந்தது.

அப்போது அக்காவுக்குப் பதினேழு வயசு. அதன்பின் அவள் சமைத்ததை எல்லோரும் சாப்பிட்டோம். வெளியே கிளம்புகையில் அவள் எதிர்ப்பட்டால் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். உனக்குத் தலை சீவிப் பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள்தான். உன் கல்யாணத்தன்று, உன் கழுத்தில் தாலி ஏறுகிற வேளையில், அவள் அரங்குக் கதவுக்குப் பின்னால் நின்றாள். கதவிடுக்கில் வெள்ளைச் சேலையின் ஓரம் தெரிந்தது, மணவறையில் இருந்த உனக்குத் தெரிந்திராது. அன்று நான் அண்ணனிடம் பேசிய பேச்சுக்காக மதினி நெடுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டேன். ஊர் சொன்னதைவிட எனக்கு ஆறாதது என்னவென்றால், அக்காவே அதை நம்பினாள் என்பதுதான். அத்தானைத் தின்றவள் தான் என்று, கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு நிரபராதி தன்னைத்தானே சிறை வைத்துக்கொள்ளும்படி செய்துவிட்ட நம்பிக்கையை நான் எந்தப் பெயராலும் தர்மம் என்று அழைக்கமாட்டேன். இப்போது அவள் வளர்த்த உன்னிடமிருந்து அதே வார்த்தை, அதே மாதிரி, கடிதத்தின் ஓரத்தில் வந்திருக்கிறது. எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

வள்ளிக்கு இப்போது மூன்று வயசு. இன்னும் மூன்று வருஷத்தில் வீட்டில் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும். தன் கால் ஒரு வியாதியால் தளர்ந்தது என்று கேட்டு வளர்கிற குழந்தை ஒரு மாதிரி வளரும். அது அம்மா செய்த பாவத்தின் சம்பளம் என்று கேட்டு வளர்கிற குழந்தை வேறு மாதிரி வளரும். சம்பந்தியம்மாள் கெட்ட எண்ணத்தோடு சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பேத்தியின் மேல் உயிராக இருக்கிறவர்கள்தான். ஆனாலும் அந்தப் பேச்சு குழந்தையின் காதில் விழாமல் காப்பது உன் கடமை.

யாரையாவது நோகத்தான் வேண்டுமென்றால் அதற்கும் நம்மவரே வழி காட்டியிருக்கிறார். ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே வேளையில் ஒலிப்பதைக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று புறநானூற்றில் பாடி வைத்திருக்கிறார். கணவனை இழந்து அழுத அந்தப் பெண் என்ன தீவினை செய்தாளோ என்று அவர் கேட்கவில்லை. கொடியது இந்த உலகம் என்று ஒத்துக்கொண்டு, அதனுள்ளே இனியதைத் தேடிக் காணும்படி சொல்கிறார். சாமி கும்பிடாத என் போன்றவனுக்கு இது போதும். கும்பிடுகிற உனக்கும் இதில் விரோதம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் உன்னை நான் அனுப்ப நினைக்கும் இடமே பக்தியில் பிறந்ததுதான். வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில், இப்படிக் கால் கை தளர்ந்தவர்களைப் பயிற்றுவதற்கென்றே ஒரு தனி நிலையத்தைச் சென்ற வருஷம் திறந்திருக்கிறார்கள். அதை நடத்தும் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு மோட்டார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப்போனவர். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார், அமெரிக்கா சென்று இந்த வைத்தியத்தைக் கற்றுத் திரும்பினார். அவருடைய விசுவாசத்தில் எனக்குப் பங்கில்லை. ஆனால் தமக்கு நேர்ந்ததை வைத்துப் பிறருக்கு என்ன செய்யலாம் என்று பார்த்த அந்த மனசுக்கு முன்னால் நான் கைகூப்புகிறேன். வள்ளி அந்த அம்மாளைக் கண்ணால் ஒருமுறை பார்த்தால் நல்லது என்றும் நினைக்கிறேன்.

முடிவு உன்னுடையது, மாப்பிள்ளையுடையது. பரிகாரமா, வேலூரா என்று நீங்கள் இருவரும் கலந்து தீர்மானியுங்கள். நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் வேலூருக்கு நான் காகிதம் எழுதியாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு மில்லில் லீவு கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். இங்கிருந்து ஏறி வந்து கோவில்பட்டியில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன். விழுப்புரத்தில் காட்பாடி வண்டிக்கு மாறினால் வேலூர் கண்டோன்மெண்டிலேயே இறங்கிவிடலாம், குழந்தைக்கு அதிக அலைச்சல் இல்லை. சின்னவனையும் தூக்கிக்கொண்டு வா; இந்த வியாதி வராமல் தடுக்கும் சொட்டு மருந்தைப் பற்றி அங்கே கேட்டு, கிடைக்குமானால் அவனுக்குக் கொடுத்துவிடலாம்.

என்னவெல்லாமோ எழுதிவிட்டேன். உன் மனசை நோகச் செய்திருந்தால் கிழவனைப் பொறுத்துக்கொள். நீ விளக்கேற்றிக் கும்பிடுவதை நான் என்றைக்காவது தடுத்திருக்கிறேனா? வேலூரிலிருந்து திரும்பும் வழியில் எந்தக் கோயிலுக்குப் போகவேண்டுமென்றாலும் சொல். வள்ளியை என் தோளில் தூக்கிக்கொண்டு எத்தனை பிராகாரம் வேண்டுமானாலும் உன்னோடு சுற்றி வருகிறேன். நம் வீட்டுப் பெண்களிலேயே உனக்குள்ள தைரியம் ஒருவருக்கும் இல்லை; உன் பெரிய அத்தை அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள். சித்தி வள்ளிக்கென்று சீனி மிட்டாயும், உனக்குப் பிடித்த கூழ்வற்றலும் கட்டி வைத்திருக்கிறாள். ரயில் செலவுக்கு மணியார்டர் அனுப்பியிருக்கிறேன்; மாப்பிள்ளை வித்தியாசமாக எண்ணவேண்டாமென்று சொல், பேத்திக்குத் தாத்தா கொடுப்பது. என்றைக்குப் புறப்படலாம் என்று அடுத்த தபாலிலேயே எழுது.

உன் நன்மையையே எந்நேரமும் நினைத்திருக்கும்
சித்தப்பா