பயிர்நிலத் திட்டமும் சாரசக் கொக்கும்

நம் நாட்டில் நிலப் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்கள் ஒன்பது தலைப்புகளில் திரட்டப்படுகின்றன. காடு, நிரந்தர மேய்ச்சல் நிலம், நடப்புத் தரிசு, நிகர சாகுபடிப் பரப்பு என்று அவ்வரிசை செல்கிறது. ஆண்டில் நான்கு மாதம் நீர் தேங்கி, எஞ்சிய காலத்தில் கால்நடை மேயும் பள்ளத்துக்கு இவற்றுள் தனி இடம் இல்லை. அது தரிசு என்று பதிவாகிவிட்டால், அதனைப் 'பயனுள்ளதாக' மாற்ற எவரேனும் முற்படுவது இயல்பே.

அத்தகைய பள்ளத்தின் பயனை அறிய, உத்தரப் பிரதேசத்தின் எடாவா, மைன்புரி மாவட்டங்களை நோக்கலாம். நெல்லும் கோதுமையும் மாறிமாறி விளையும் இவ்வட்டாரம் சாரசக் கொக்கின் முக்கிய உறைவிடங்களுள் ஒன்று. பறக்கும் பறவைகளில் மிக உயரமான இது, சரணாலயத்தை நாடாமல் உழவரின் நடுவிலேயே வாழ்கிறது. பருவமழை தொடங்கியதும் ஆழமற்ற நீரில் நாணலையும் புல்லையும் குவித்துக் கூடு அமைத்துப் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடுகிறது. அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம். குஞ்சு பறக்க மேலும் மூன்று மாதம் வேண்டும். அதற்குள் நெல் முதிர்ந்து வயலில் நீர் வடிந்துவிடும். அப்போது பறக்க இயலாத குஞ்சு நடந்து சென்று ஒதுங்குவதற்கு அருகில் ஒரு நீர்ப்பள்ளம் இருந்தாக வேண்டும். ஆகவே நெல்வயல் மட்டும் போதாது.

பெரிய ஏரி ஒன்றைக் காத்துவிட்டாலும் இக்குறை தீராது. எடாவா மாவட்டத்துச் சர்சை நாவர் ஏரி 2019இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது நற்செய்தியே. எனினும் ஒவ்வோர் இணையும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு பிற இணைகளை விரட்டுவதால், சிதறிக் கிடக்கும் சிறு பள்ளங்களே இனப்பெருக்கத்துக்கு ஆதாரம். நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பு ஏறத்தாழ 14 கோடி ஹெக்டேர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சட்டம் ஓரளவே துணைசெய்கிறது. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் நெல்வயல்களையும் பாசனத்துக்கென வெட்டப்பட்ட நீர்நிலைகளையும் தம் வரம்பில் சேர்க்கவில்லை. உத்தரப் பிரதேசக் கிராமக் குளம் ஒன்றைப் பற்றிய வழக்கில், குளங்களைத் தனியாருக்கு ஒதுக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. ஆனால் ஆவணத்தில் குளம் என்றே குறிக்கப்படாத பள்ளத்துக்கு அத்தீர்ப்பு எங்ஙனம் பயன்படும்?

இங்கே நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. நிலமற்றோருக்கு வழங்க வேறு பொது நிலம் இல்லாத ஊரில், பறவைக்காகப் பள்ளத்தை விட்டுவைப்பது எளிதன்று. ஆனால் அப்பள்ளத்தில் சிங்காடா பயிரிடுவோரும், மீன் பிடிப்போரும், மாடு மேய்ப்போரும் பெரும்பாலும் அந்த ஏழைகளே. ஒருவருக்குப் பட்டா கொடுத்தால் மற்றவர் பிழைப்பு போகும். இக்கணக்கையும் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். வயலில் கூடு அமைவதால் மிதிபடும் சிறு வட்டப் பயிரின் இழப்பையும் அந்த உழவர் தலையில் சுமத்துவது முறையாகாது.

2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டப்படி ஊர்தோறும் அமையும் குழுக்கள் மக்கள் பன்மைப் பதிவேடுகளைத் தயாரிக்கின்றன. அவற்றில் உயிரினங்களின் பெயர்களோடு, அவை வாழும் நிலத்தின் எண்ணும் எந்தெந்த மாதம் நீர் நிற்கிறது என்பதும் இடம்பெற்றால், வருவாய்த் துறையினர் ஒதுக்கீட்டுக்கு முன் அதனைப் பார்க்க இயலும். நில ஆய்வின் காலமும் முக்கியம். மே மாதத்தில் செல்லும் அதிகாரிக்கு வெடித்த தரைதான் தெரியும். செப்டம்பரிலும் ஒருமுறை சென்று அதே இடத்தைப் பார்த்த பின்னரே வகைப்படுத்தல் நலம்.