குறைபார்வையும் கலைக்கூடமும்: ஐதராபாத் தரும் பாடங்கள்

அருங்காட்சியகங்களைப் பார்வைக் குறைபாடு உடையோருக்கு ஏற்றவையாக்குவது பற்றிப் பேச்செழும் போதெல்லாம், நம் எண்ணம் தொட்டுணரும் மாதிரிகளை நோக்கியே செல்கிறது. இது பழைய மரபு. 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகர அருங்காட்சியகத்தில், சார்ல்டன் டீஸ் என்பவர் பார்வையற்றோரை அழைத்துக் காட்சிப் பொருள்களைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் செய்தார். இத்தாலியின் அங்கோனா நகரில் 1993இல் தொடங்கப்பட்ட ஓமெரோ அருங்காட்சியகமும், தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் 'அனுபவ்' கூடமும் அம்மரபில் வந்தவை. இவை போற்றத்தக்க முயற்சிகளே. எனினும் பார்வையை முற்றிலும் இழந்தோரைக் காட்டிலும், ஓரளவு பார்வை எஞ்சியிருப்போரே எண்ணிக்கையில் மிகப் பலர். அவர்கள் ஓவியத்தைக் காண வருகிறார்கள், தொட வருவதில்லை. அவர்களுக்கு வேண்டியவை எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பார்வையின்மை வேறு, குறைபார்வை வேறு எனப் பிரித்துக் கூறுகிறது. நலமான கண் 18 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும் எழுத்தை, தக்க கண்ணாடி அணிந்த பின்னரும் 6 மீட்டர் தொலைவுக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்ற நிலையை 6/18 என்பர். அந்நிலையிலிருந்து 3/60 வரை உள்ளது குறைபார்வை. எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தாலும், பார்வையின் பரப்பு 40 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையே சுருங்கியிருப்பின் அதுவும் குறைபார்வையே. ஐதராபாத்தில் 1987இல் நிறுவப்பட்ட எல்.வி. பிரசாத் கண் நிலையத்தினர், 1996 முதல் 2000 வரை அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தனர். கண்ணாடியாலோ அறுவையாலோ திருத்த முடியாத குறைபார்வை 1.05 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது; அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். இவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் விழித்திரை நோய்களால் பார்வை குன்றியவர்கள்.

குறைபார்வை ஒரே தன்மையது அன்று. இதனை அலுவலர்கள் முதலில் உணர்தல் வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதி பழுதுற்றவருக்கு ஓவியத்தின் சட்டம் தெரியும், நடந்து செல்லும் வழி தெரியும். ஆனால் நேராக நோக்கும் முகம் மட்டும் மறைந்துவிடும். அவர் படத்தை நெருங்கிச் சென்று, முகத்தை விட்டுச் சற்று ஒதுங்கிய ஓர் இடத்தை நோக்கினால், விழித்திரையின் ஓரப்பகுதி அம்முகத்தை ஓரளவு காட்டிக் கொடுக்கும். பயிற்சியினால் கைவரும் திறன் இது. மாறாக, விழித்திரை நிறமி நோயினாலோ முற்றிய கண் அழுத்த நோயினாலோ பார்வைப் பரப்பு சுருங்கியவர் ஒரு குழாய் வழியே பார்ப்பவர் போன்றவர். அருகில் நின்றால் ஒரு கை, ஒரு விரல் மட்டுமே அவருக்கு அகப்படும். பல அடிகள் பின்வாங்கினால் படம் முழுவதும் அக்குழாய்க்குள் அடங்கிவிடும். சுவரின் சிறு எழுத்தைப் படிக்கும் இவரே காலடியில் உள்ள தாழ்ந்த மேடையில் இடறுவார். பார்த்தவர்கள் நடிப்பு என்று எண்ணுவதும் உண்டு! கண்புரை உள்ளவருக்கோ ஒளி கூடினால் கூச்சமும் கூடும். 'அருகில் போய்ப் பாருங்கள்', 'விளக்கைக் கூட்டுங்கள்' என்னும் நல்லெண்ண அறிவுரைகள் ஒருவருக்குப் பொருந்தி, மற்றொருவருக்குக் கேடாக முடிவது இதனால்தான்.

இவற்றை ஓர் உண்மையான கட்டடத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். மூசி ஆற்றின் தென்கரையில், தாருல்ஷிபா பகுதியில் உள்ள சலார் ஜங் அருங்காட்சியகம் அதற்கு ஏற்ற இடம். மூன்றாம் சலார் ஜங் எனப்படும் மீர் யூசுப் அலி கான் (1889–1949) விட்டுச் சென்ற திரட்டு, 1951 டிசம்பர் 16 அன்று நேருவால் திவான் தேவ்டி மாளிகையில் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. 1961இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 1968இல் இன்றைய கட்டடத்துக்கு மாறியது.

நண்பகல் வெயிலில் திறந்த வெளியின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவை எட்டும். பழைய தாள் ஓவியங்கள் உள்ள அறையில் பாதுகாப்புக் கருதி அனுமதிக்கப்படுவது 50 லக்ஸ். இரண்டாயிரம் மடங்கு வேறுபாடு! நலமான கண்ணே இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். நிறமி நோயுற்ற கண்ணுக்கு அப்பழக்கம் வாய்க்காமலே போகலாம். ஆதலின் உள்ளே நுழைந்தவுடன் கூடங்களுக்கு விரையாமல், மிதமான ஒளியுள்ள இடத்தில் பத்து நிமிடமேனும் அமர்ந்திருப்பது பயன் தரும். அங்கே ஒரு பலகை இருக்கை வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

அடுத்தது வழி. அரைவட்ட வடிவக் கட்டடத்தில் ஒரு வசதியும் ஓர் இடரும் உண்டு. வளைவின் ஒரு சுவரை இழக்காமல் பற்றிச் சென்றால் அறைகளின் வரிசை தவறாது. ஆனால் நேராகச் செல்வதாக எண்ணிக்கொண்டே திசை மாறிவிடுவோம். நகர் அறிந்தவர்கூட எந்தப் பக்கம் ஆறு என்று சொல்லத் தடுமாறுவர். ஆகவே திசையை விட வரிசையை நினைவிற் கொள்வதே சிறந்தது: வலக்கைச் சுவர், மூன்றாம் வாயில், படிக்கட்டு என்றவாறு. துணைக்கு வருபவர் கையைப் பிடித்து இழுத்தல் கூடாது. பார்வை குறைந்தவர் துணைவரின் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து, அரையடி பின்னே நடக்க வேண்டும். துணைவரின் உடலசைவே படியையும் திருப்பத்தையும் அறிவித்துவிடும்.

காட்சிப் பொருள்களுள் இரண்டினை இங்கு எடுத்துக்கொள்ளலாம். இத்தாலியச் சிற்பி பென்சோனி செதுக்கிய 'முக்காடிட்ட ரெபேக்கா' சிலையை, முதலாம் சலார் ஜங் 1876இல் உரோம் நகரில் வாங்கினார். ஒரே வெண்பளிங்கில் முகமும் அதன்மேல் படிந்த மெல்லிய துகிலும் தோன்றுவதே அதன் அருமை. வெண்மையின் மேல் வெண்மை என்பது குறைபார்வைக்குக் கடுஞ்சோதனை. ஒளி நேர் எதிரே இருந்து வீழ்ந்தால் துகிலின் மடிப்புகள் அழிந்து, வெறும் வெள்ளை உருவே எஞ்சும். பக்கவாட்டில் தாழ்ந்து வரும் ஒளியில் ஒவ்வொரு மடிப்பும் நிழல் பெற்று எழும். பின்புலம் கருமையாக இருப்பின் உருவின் விளிம்பும் தெளியும். விளக்கின் எண்ணிக்கையைக் காட்டிலும் அது வைக்கப்படும் இடமே இங்கு முக்கியம்.

மற்றொன்று இரட்டைச் சிலை. சைக்கமோர் மரத்தின் ஒரே துண்டில் முன்புறம் மெபிஸ்டோபிலிஸ், பின்புறம் மார்கரெட்டா. பின்னே உள்ள நிலைக்கண்ணாடியில் மார்கரெட்டா தெரிகிறாள். கண்ணாடி எவ்வளவு தொலைவில் உள்ளதோ, பிம்பம் அதற்கும் அப்பால் தோன்றும் என்பது ஒளியியலின் பாடம். ஆகவே முன்னே நிற்கும் குறைபார்வையாளருக்கு அருகிலுள்ள மெபிஸ்டோபிலிஸ் கிட்டலாம், மார்கரெட்டா மங்கிவிடுவாள். பக்கவாட்டில் சென்று மரச்சிலையையே நேரில் நோக்குதல் நன்று. பெரிய நிலைக்கண்ணாடிகள் திறந்த வாயில் போலத் தோன்றி மோதலுக்கு இடந்தருவதும் உண்டு. எந்தக் கூடத்திலும் அவற்றின் விளிம்பில் அடர்வண்ணப் பட்டை ஒட்டுதல் வேண்டும்.

உண்மையான முரண்பாடு எழுவது தக்காண நுண்ணோவியங்களிடத்தேதான். உள்ளங்கையளவுப் படம், கண்ணாடிப் பேழை, மங்கிய ஒளி ஆகிய மூன்றும் சேர்ந்து குறைபார்வையாளரை விலக்குகின்றன. ஒளியைக் கூட்டினால் வண்ணம் வெளிறும், அதற்கு ஈடில்லை. ஆயினும் ஓவியத்துக்கு நேரும் கேடு ஒளியின் அளவும் காலமும் சேர்ந்த பெருக்கத்தால் வருவது. 50 லக்ஸ் ஒளி நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் 400 லக்ஸ்-மணி. அதே 400ஐ, 200 லக்ஸ் ஒளியை இரண்டு மணி நேரம் மட்டும் எரியவிட்டும் பெறலாம். பார்வையாளர் பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடம் எரிந்து அணையும் விளக்காயின், நாளொன்றுக்கு அறுபது முறை அழுத்தலாம். நான்கு மடங்கு ஒளி, கேடு மிகுவதில்லை. புறஊதாக் கதிரை வடிகட்டுவதும், நாள் வரம்பைக் கருவியிலேயே அமைப்பதும் உடன் செய்ய வேண்டியவை. பாதுகாப்புத் துறையினர் இதற்கு இசையாவிடில், நான்கு மடங்கு பெரிதாக்கிய அச்சுப்படியைக் கையில் கொடுத்துச் சன்னலோரம் அமரச் செய்யலாம். அச்சுப்படிக்கு 50 லக்ஸ் கட்டுப்பாடு இல்லை.

படியைப் பார்ப்பது ஓவியத்தைப் பார்த்ததாகுமா என்று சிலர் வினவுவர். சாந்திநிகேதனத்து ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி (1904–1980) பிறப்பிலேயே ஒரு கண் பார்வையின்றி, மறு கண்ணும் கடுங்கிட்டப்பார்வை உடையவராய் இருந்தவர். அவ்வாறிருந்தே 1946–47இல் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்காலப் பக்தர்களின் வாழ்வைப் பேரோவியமாகத் தீட்டினார். 1957இல் பார்வையை முற்றும் இழந்த பின்னரும் கலைப்பணியை விடவில்லை. பகுதி பகுதியாகக் கண்டு மனத்தில் முழுமையாக்கிக் கொள்வதும் காட்சியே. மூலத்தின் முன் சென்று நிற்குமுன் படியைக் கண்டவர், எங்கே எதைத் தேடுவது என்று அறிந்தே நிற்பார்.

இந்த அருங்காட்சியகத்தில் தனிச் சலுகை எதுவுமின்றியே அனைவருக்கும் பொதுவாய் அமைந்த பொருள் ஒன்றுண்டு. குக் அண்டு கெல்வி நிறுவனத்தின் இசைக்கடிகாரம் அது. மணிதோறும் ஒரு சிறு பொம்மை வெளிப்பட்டு மணியடிப்பதைக் காணக் கூட்டம் அமர்ந்து காத்திருக்கும். பொம்மை தெரியாதவருக்கும் மணியோசை கேட்கும். ஓசை வரும் திசையறிந்து தம் இருப்பிடத்தையும் கணித்துக்கொள்ளலாம்.

மேற்கூறிய சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலையை மாற்றுத் திறனாளிகள் அணுகத்தக்கதாக்குவதை அரசின் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. இதற்குச் சாய்தளமும் மின்தூக்கியும் போதும் என்று கருதும் போக்கு பரவலாக உள்ளது. குறைபார்வையாளருக்கு இவற்றினும் அவசரமானவை வேறு. பொருட்பெயர்ப் பலகைகளில் எழுத்து குறைந்தது 18 புள்ளி அளவில், வெளிர்நிறத்தின் மேல் கருமையாக, பளபளப்பற்ற தாளில், கண் மட்டத்தில் இருக்க வேண்டும். படிகளின் முனையில் மாறுபட்ட வண்ணக்கோடு வேண்டும். இன்னொன்று அலுவலர் ஆணை ஒன்றினாலேயே தீர்வது. கைப்பேசியின் நிழற்படக் கருவி இன்று பலருக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியாகப் பயன்படுகிறது. படமெடுத்தல் தடை அல்லது கட்டணம் என்ற விதியைக் காட்டிக் காவலர் அதனைத் தடுக்க நேரும்போது, அவர் அறியாமலே ஒருவரின் கண்ணைப் பறித்தவராகிறார். உருப்பெருக்கிப் பார்ப்பதற்காகக் கைப்பேசியையும் கைத்தொலைநோக்கியையும் கட்டணமின்றி அனுமதிக்கலாம் என்னும் ஒரு வரியை விதியிற் சேர்த்து, அதனை வாயிற்காவலர்க்கும் உள்கூடக் காவலர்க்கும் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும்.