உண்டியும் உறையுளும்: போடிங்கில் தங்குவோரின் உரிமை யாது?

1952ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தபொழுது, மாணவர் உடனுறைந்து கற்றல் வேண்டும் என்பதே சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களின் நோக்கமாயிருந்தது. அருணாசலம், இராமநாதன் ஆகியோர் பெயர் தாங்கிய மண்டபங்கள் அந்நோக்கத்தின் வழி எழுந்தவையே. ஆயின் மாணவர் தொகை பெருகப் பெருக மண்டபங்கள் போதாவாயின; கண்டியிலும் பேராதனையிலும் இல்லங்கள் பல போடிங்குகளாயின. கல்லூரி விடுதியை விட்டு நீங்கிய நம்மவருட் பலர் அவ்வாறு பிறர் மனையில் உண்டு உறைந்தே பட்டம் பெற்றனர். அவர்கள் அவ்வீட்டுக் குடும்பத்தினரா, வாடகைக் குடிகளா, விருந்தினரா?

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா நகர வலய விதிகளின் வழியாக எழுந்தது. ஒரு குடும்பத்துக்கெனக் குறிக்கப்பட்ட வீட்டில் 'குடும்பம்' எனப்படுவது எது? நியூ யோர்க் மாநிலத்துப் பெல் டெர் என்னும் சிற்றூர், இரத்த உறவோ திருமண உறவோ தத்துறவோ இல்லாதோர் இருவருக்கு மேல் ஒரு வீட்டில் வாழலாகாது என விதித்தது. அங்கே அறுவர் மாணவர் கூடி வாழ்ந்தனர். 1974இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஊரின் விதியையே ஏற்றது.

மூன்றாண்டு கழித்து வந்த வழக்கோ விந்தையானது. ஒகாயோ மாநிலத்துக் கிழக்குக் கிளீவ்லாந்து நகரிலே இனெஸ் மூர் என்னும் பாட்டியார், ஒரு மகனுடனும் பேரர் இருவருடனும் வாழ்ந்தார். பேரர் இருவரும் வெவ்வேறு மைந்தரின் பிள்ளைகள் என்பதே குற்றமாயிற்று! ஐந்து நாட் சிறையும் 25 டொலர் குற்றப்பணமும் விதிக்கப்பட்டன. 1977இல் உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. அதுவும் ஐவர்க்கு நால்வர் என்ற அளவில். பெரியப்பன் மகனையும் சித்தப்பன் மகனையும் அண்ணன், தம்பி என்றே அழைக்கும் நமக்கு, இவ்வழக்கு எழுந்ததே வியப்பாகும்.

நிற்க. நம் நாட்டுச் சட்டம் உறவை வினவாது வேறொன்றை வினவியது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், வீட்டின் ஒரு பகுதி பிறர்க்கு வாடகைக்கு விடப்பட்டதாகக் கொள்ள வேண்டுமாயின், அது வரையறுத்த தனிப்பகுதியாயிருத்தல் வேண்டும், தங்குபவர் வாடகை கொடுத்து அதனைத் தனித்து அனுபவித்தல் வேண்டும், கொடுத்தவர் அதன்மேல் தம் ஆட்சியைக் கைவிட்டிருத்தல் வேண்டும் என்றது. அறையொன்றைப் பயன்படுத்த இசைவு பெற்றமை ஒன்றே ஒருவரை வாடகைக் குடியாக்காது.

இவ்வகுப்பு வாடகைக்கு இருந்தோர்க்குத் துணையாயிற்று. மாணவரை வைத்திருந்தமை பற்றி, 'இசைவின்றிக் கீழ்வாடகைக்கு விட்டாய், வெளியேறு' என வீட்டுரிமையாளர் கூறுதல் எளிதன்று. ஆனால் அதே வகுப்பு போடிங் மாணவரைக் காப்பின்றி விட்டது. வலய விதி தலைகளை எண்ணிற்று. வாடகைச் சட்டம் திறவுகோல் யார் கையில் என்று நோக்கிற்று. மலைச்சரிவு நகரமாகிய கண்டியில், உறவை எண்ணுவதினும் கழிப்பிடத்தையும் நீரையும் வடிகாலையும் எண்ணுதல் நன்று என்பது எம் கருத்து.

எம்முள் ஒருவர் தங்கிய வீட்டில், விடுமுறைக்கு ஊர் செல்லுந்தோறும் வீட்டு அம்மையார் அறைத் திறவுகோலை வாங்கி வைத்துக்கொள்வார். பரிவு என்றே நாம் எண்ணினோம். இறுதிப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில், உறவினர் வருகின்றார் எனக் கூறிப் பெட்டியைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டார். கைச்சாத்து ஒன்றும் இல்லை, எழுத்து ஒன்றும் இல்லை. இன்று அறை தேடும் தம்பியர், எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்பதையேனும் ஒரு தாளில் எழுதி, இரு பக்கத்தாரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்வாராக.