ஜப்பானிய விளையாட்டும் நம் வீட்டுத் தமிழும்



கணிப்பொறி விளையாட்டு என்றாலே நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். படிப்பு கெடும், கண் கெடும் என்ற அவர்களது கவலை நியாயமானதே. ஆனால் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத மனிதர்களை ஒன்றுகூட்டி, சேர்ந்து வேலை செய்ய வைக்கும் விளையாட்டுகளும் உண்டு. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வாழும் நமக்கு அவற்றில் ஒரு பாடம் இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

என் அண்ணன் மகன் யோகோஹாமாவில் வேலை பார்க்கிறான். சென்ற விடுமுறையில் விஷ்ராந்த்வாடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கினான். ஃபைனல் ஃபேண்டஸி லெவன் என்ற விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பு அவனது மடிக்கணிப்பொறியில் இருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பலர் கூடி ஆடுவதும் பேசிக்கொள்வதும் எப்படி என்று சில இரவுகள் பார்த்தோம்.

விளையாட்டின் அமைப்பு

இது 2002 மே மாதம் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளிவந்தது. 2003 அக்டோபரில் இதன் கணிப்பொறிப் பதிப்பு அமெரிக்காவிற்குச் சென்றது. அமெரிக்கர்களுக்கென்று தனி உலகம் அமைக்காமல், ஜப்பானியர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த அதே உலகத்தில் அவர்களையும் சேர்த்தார்கள். பிளேஸ்டேஷன் 2 சேவை 2016 மார்ச்சில் நின்றுவிட்டது; கணிப்பொறியில் இன்றும் ஆடுகிறார்கள்.

ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார். ஒருவர் அடி தாங்கும் வீரர், ஒருவர் காயம் ஆற்றும் மந்திரவாதி, இப்படிப் பல. ஒரு குழுவில் ஆறு பேர் வரை சேரலாம்; மூன்று குழுக்கள் கூடினால் பதினெட்டு பேர். ஆட்டக்காரர்களைப் பல உலகங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றுள் சிவா, லக்ஷ்மி, அசுரா என்ற பெயர்களும் உண்டு. இந்த விளையாட்டு வரிசையில் சிவா என்பது பனியை ஆளும் ஒரு பெண் தெய்வம்! என் மகள் சிரித்து ஓயவில்லை.

பேசும் முறைகள்

பேச்சு முழுவதும் தட்டச்சில்தான். அருகில் நிற்பவர்களுக்கு மட்டும் தெரியும் பேச்சு ஒன்று. நம் வாசற்படிப் பேச்சு போல. அந்தப் பகுதி முழுவதற்கும் கேட்கும் கூவல் ஒன்று. தெருவில் காய்கறி விற்பவர் குரல் போல. எங்கிருந்தாலும் ஒருவருக்கு மட்டும் போய்ச் சேரும் தனிப்பேச்சு ஒன்று, கடிதம் போல. இவை தவிர குழுப்பேச்சும், ஒரே அடையாள முத்தை வைத்திருக்கும் நண்பர் வட்டத்துக்குள் நடக்கும் பேச்சும் உண்டு.

சரி, ஜப்பானியரும் அமெரிக்கரும் எந்த மொழியில் பேசுவது? விளையாட்டுக்குள்ளேயே ஒரு சொற்றொடர்ப் பட்டியல் இருக்கிறது. ஒரு சொல்லின் தொடக்கத்தைத் தட்டி, டேப் விசையை அழுத்தினால் பொருத்தமான தொடர்கள் வரிசையாக வருகின்றன. ஒன்றைத் தேர்ந்தால் அது பச்சை, சிவப்பு அடைப்புக்குறிகளுக்கு நடுவே, பார்ப்பவரின் மொழியிலேயே தோன்றுகிறது. முதல் இரவில் சேர்ந்த குழுவில் ஒருவர் ஆங்கிலத்தில் தட்டச்சிட்டார். ஆனால் அவர் தந்த வணக்கம் எங்கள் திரையில் ஜப்பானிய எழுத்தில் வந்தது. “இவருக்கு ஜப்பானிய மொழி தெரியுமா, அண்ணா?” என்று என் மகள் கேட்டாள். “தெரியாது. அடைப்புக்குறியைப் பார்” என்றான் அவன்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு தொடருக்கும் ஓர் எண். அனுப்புபவரிடமிருந்து போவது எண் மட்டுமே. பெறுபவரின் கணிப்பொறி அந்த எண்ணுக்குரிய தொடரைத் தன் மொழிப் பட்டியலில் பார்த்துக் காட்டுகிறது. நம்மில் மூத்தவர்களுக்கு வாழ்த்துத் தந்தி நினைவிருக்கும். திருமணத்துக்கு, பண்டிகைக்கு, தேர்வில் வெற்றிக்கு என்று ஆயத்த வாழ்த்துகள் இருந்தன. படிவத்தில் எண்ணை எழுதினால் போதும். அந்தப் பக்கத்துத் தந்தி அலுவலகம் முழு வாக்கியத்தை எழுதிக் கொடுக்கும். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்துவிட்டது. அதே உத்தி இந்த விளையாட்டில் இருக்கிறது. இதற்கு முன்பே, 2000 டிசம்பரில் சேகா நிறுவனம் வெளியிட்ட ஃபேண்டஸி ஸ்டார் ஆன்லைன் விளையாட்டிலும் ஐந்து மொழிகளில் இப்படி ஒரு பட்டியல் இருந்தது.

பட்டியலில் இல்லாதது

இரண்டாம் இரவு ஒன்பது மணி. ஜப்பானில் அப்போது பன்னிரண்டரை. ஆட்டத்தின் நடுவில் குழுவில் ஒருவர் அடைப்புக்குறிக்குள் “மன்னிக்கவும்” என்றார். தொடர்ந்து ஜப்பானிய மொழியில் ஒரு நீண்ட வரி தட்டினார். ஆங்கிலக்காரருக்கு மன்னிப்பு மட்டுமே புரிந்திருக்கும். அண்ணன் மகன் அந்த வரியைப் படித்துச் சொன்னான்: அவருடைய குழந்தை விழித்து அழுகிறதாம், தூங்க வைக்கப் போகிறாராம்.

மறுநாள் அவரைக் கண்டதும், “குழந்தை தூங்கிற்றா என்று கேளேன்” என்றாள் என் மகள். பட்டியலில் அந்தக் கேள்வி இல்லை. “அகாச்சான் வா நெமாஷித்தா கா” என்று சொல்லிக்கொண்டே அவன் தட்டினான். அகாச்சான் என்றால் குழந்தை. வினைச்சொல் கடைசியில் வருகிறது. அதன் பின்னால் கேள்வியைக் காட்டும் ‘கா’. “நம்ம தூங்கிற்றா மாதிரியே கடைசியில் வருதே!” என்றாள். உண்மைதான். வாக்கிய அமைப்பில் தமிழும் ஜப்பானிய மொழியும் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கின்றன. ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அன்று கைகொடுத்தது வீட்டுத் தமிழே. அவரும் மகிழ்ந்து பதில் எழுதினார். மூன்று நாளில் கிடைத்த உண்மையான உரையாடல் அது ஒன்றுதான்.

நாம் பெறும் பாடம்

புணேவுக்குப் புதிதாக வந்த நாளில் நம் மராத்தியும் ஒரு சிறு பட்டியலாகத்தான் இருந்தது. விஷ்ராந்த்வாடி சந்தைக்குப் போனால் ‘கிதி’ என்று விலை கேட்போம். ‘நகோ’ என்று வேண்டாம் என்போம். காரியம் நடந்தது. ஆனால் காய்கறிக்காரம்மாளிடம் “கால்வலி தேவலையா?” என்று மராத்தியில் கேட்ட நாளிலிருந்துதான் அவர் நமக்கு அறிந்தவர் ஆனார்.

இப்போது நம் பிள்ளைகளின் தமிழைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பாட்டியிடம் “நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, அம்மாகிட்ட கொடுக்கிறேன்” என்று மூன்று தொடர்கள். இவையும் எண் போட்ட தந்தி வாழ்த்துகளே. அன்பு இல்லாமல் இல்லை. அதைச் சொல்லத் தொடர் இல்லை. பாட்டிக்கு வேறு மொழி தெரியாது. பிள்ளை பேசும் தமிழ் எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தப் பேரப்பிள்ளையைப் பாட்டி அறிய முடியும். பட்டியலில் தமிழுக்கு இடம் கொடுக்க எந்த வெளிநாட்டு நிறுவனத்தையும் நாம் எதிர்பார்க்க வேண்டாம். பட்டியலைத் தாண்டிப் பேசப் பழக்க வேண்டியது வீடு.

வீட்டுப் பயிற்சி

1. பாட்டி, தாத்தாவிடம் பிள்ளை வழக்கமாகச் சொல்லும் தமிழ்த் தொடர்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்.

2. வாரம் ஒரு முறை, அந்தத் தாளில் இல்லாத ஒரு கேள்வியைப் பிள்ளையே உருவாக்கிக் கேட்கட்டும். ‘நீங்க சின்ன வயசுல என்ன விளையாடினீங்க?’ போன்ற ஒன்று போதும்.

3. பதிலில் புரியாத சொல்லைக் குறித்து வைத்து, அதை வைத்தே அடுத்த வாரம் பேச்சைத் தொடங்கட்டும்.

4. பிழையாகப் பேசினால் சிரிக்காதீர்கள். வாக்கியத்தை முடிக்க விடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இத்தகைய விளையாட்டில் பேசுபவர் யார் என்று முகம் தெரியாது. எங்கிருந்து ஆடுகிறீர்கள் என்று கேட்டவருக்கு அண்ணன் மகன் ‘இந்தியா’ என்றதோடு நிறுத்திக்கொண்டான். பெயர், பள்ளி, வீட்டு முகவரி, தொலைபேசி எண், புகைப்படம் எதையும் கொடுக்கக் கூடாது. கணிப்பொறி கூடத்தில் இருக்கட்டும். நேரத்துக்கு வரம்பு இருக்கட்டும். முடிந்தால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, “இது என்ன, எனக்கும் சொல்லேன்” என்று தமிழில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல உங்கள் பிள்ளைக்குப் பட்டியல் போதாது, தமிழ் வேண்டும்.